ஸ்லைடுக்கு ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல் போதும்

திருப்பூரில் துணி வாங்க வரும் பையருக்குக் காட்டவோ, கோவையில் காலேஜ் செமினாருக்கோ அவசரமாக ஸ்லைடு வேண்டுமா? சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி என்ற ஏஐகளில் எதிலாவது இப்படிக் கேளுங்க: “நான் தரும் விவரத்தை மட்டும் வைத்து எட்டு ஸ்லைடு, ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதற்குள்ளேயே, வெளி லைப்ரரி வேண்டாம், ஆரோ கீயை அழுத்தினால் நகர வேண்டும்.” அது எழுதித் தருகிற புரோகிராம் கோடிங்கை ஹெச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்து குரோமில் திறந்தால் ஓடும்.

வெளி லைப்ரரி, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ரெடிமேட் கோடிங், வேண்டாம் என்பதை விட்டுவிடாதீங்க. ஸ்லைடு செய்வதற்கென்றே இருக்கிற ரிவீல் ஜேஎஸ் லைப்ரரி அருமையானதுதான், ஆனால் ஏஐ அதைப் பெரும்பாலும் நெட்டிலிருந்து இழுக்கிற மாதிரி எழுதித் தரும், மீட்டிங் நடக்கிற இடத்தில் வைஃபை இல்லையென்றால் ஸ்லைடெல்லாம் குலைந்துபோகும்.

விவரத்தை நீங்களே எழுதிக் கொடுங்க. பனியன் துணி என்றால், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி, நிட்டிங் எங்கே, டையிங் எங்கே, செக்கிங் எப்படி, மாதம் எத்தனை பீஸ் என்று. வெறும் தலைப்பை மட்டும் கொடுத்தால் எண்களை அதுவே இட்டு நிரப்பிவிடும், பையர் அதில் ஒன்றைப் பிடித்துக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

தமிழ் ஸ்லைடு என்றால் விண்டோஸில் இருக்கிற ‘நிர்மலா யூஐ’ ஃபாண்ட், வரி உயரம் 1.5 என்று சேர்த்துக் கேளுங்க. வரி நெருக்கமாக இருந்தால் பெரிய தலைப்புகளில் கி, கீ மேல்சுழி மேல்வரியில் இடிக்கும். அப்புறம், “பிரிண்ட் செய்தால் ஒரு ஸ்லைடு ஒரு பக்கம்” என்றும் சொல்லிவிட்டால் கன்ட்ரோல் பி அழுத்தி பிடிஎஃப் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.