என்ன தொழில் செய்யலாம்? ஒரு சரக்கின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்

தொழில் தொடங்க நினைப்பவர்கள் பலரும் உலகத்தில் இல்லாத பொருளைத் தேடுகிறார்கள். கொங்கு நாட்டில் அது தேவையே இல்லை. பக்கத்தில் ஓடும் பெரிய தொழிலில் யாரும் கவனிக்காத ஒரு வேலை கிடைத்தால் போதும்.

படி 1. ஒரே ஒரு தொழிலைப் பிடியுங்கள். திருப்பூர்ப் பனியன், காங்கேயம் கொப்பரை, நாமக்கல் கோழிப்பண்ணை, பொள்ளாச்சித் தென்னை, எதுவானாலும் சரி. தினமும் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 2. சரக்கு கை மாறும் வழியைத் தாளில் எழுதுங்கள். நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். பனியன் என்றால் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இதில் பலவும் வெவ்வேறு இடங்களில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக நடக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் எது குப்பையாகிறது, எதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள், எதை வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்கள் என்று பாருங்கள்.

குப்பையை லேசாக நினைக்காதீர்கள். கட்டிங் வேஸ்ட் மறுபடி நூலாகிறது, லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்கவும் போகிறது. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள் ஒரு காலத்தில் மில்லுக்கு வெளியே குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி உப்பைக் குறைத்து, கட்டியாக அழுத்தி, மண்ணில்லாமல் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) கரியாகி, தண்ணீர் வடிகட்டும் கார்பனாகிறது. ஆனால் இவற்றில் ஏற்கெனவே ஆட்கள் அதிகம், கரி சுட்டால் புகைத் தகராறு வேறு. இன்னும் யாரும் விலை பேசாத மிச்சம் எது என்றுதான் தேட வேண்டும்.

படி 3. முதலாளியைவிட சூப்பர்வைசர், டெம்போ டிரைவர், பழைய இரும்புக் கடைக்காரர் ஆகியோரிடம் பேசுங்கள். "என்ன தொழில் நல்லாப் போகுதுங்க?" என்றால் மழுப்பலான பதில்தான் வரும். "போன வாரம் எதனாலங்ண்ணா வேலை நின்னுச்சு?" என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

படி 4. கணக்குப் போடுங்கள். கொள்முதல், கூலி, வண்டி வாடகை, சேதாரம் எல்லாம் சரி, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? கடனுக்குச் சரக்கு எடுப்பது இங்கே சகஜம். அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முதல் இல்லையென்றால், தாளில் லாபம் காட்டும் தொழில்கூட வேண்டாம்.

படி 5. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், கூலிக்குச் செய்து வாங்கி இரண்டு பேருக்கு விற்றுப் பாருங்கள். அவர்களே மறுபடி கேட்டு வந்தால், அப்புறம் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் விசாரிக்கலாம். மானியத்தைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்வது தலைகீழ் வேலை. சிறுதொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவு இலவசம், அதற்கு அரசுக் கட்டணம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.