கணினி திறக்கும்போது எது எது ஓடலாம்?

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் கும்பகோணம் பக்கத்து இ-சேவை மையங்களில் காலையிலேயே வரிசை நிற்கும். அந்த நேரத்தில் கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆனால் பாதிக் காரணம் கூடவே கிளம்பும் மென்பொருள்கள்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-ல் மேலே 'ஸ்டார்ட்அப்', 11-ல் இடது ஓரம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்'. வலப்பக்கம் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில விநாடிகள் காட்டினால், அது விண்டோஸ் வருமுன் மதர்போர்டு எடுத்த நேரம். இங்கே எதை நிறுத்தினாலும் அது குறையாது.

'ஸ்டார்ட்அப் இம்பேக்ட்' தலைப்பைச் சொடுக்கி, 'ஹை' என்றிருப்பவற்றைப் பாருங்கள். பாட்டு, அரட்டை, மீட்டிங் ஆப்களை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுக்கலாம். எதுவும் அழியாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். என்.எச்.எம். ரைட்டர், அழகி மாதிரித் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை மட்டும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் மனு அடிக்க உட்காருபவர் "கீபோர்டு போச்சு" என்பார்.

கைரேகைக் கருவியின் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் மென்பொருள், பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்காது. சர்வீஸ்களைப் பார்க்க விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, எம்-எஸ்-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'சர்வீசஸ்' பகுதியில் முதல் வேலை, கீழே 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக். அதை மறந்து 'டிசேபிள் ஆல்' அழுத்தினால் சத்தம், நெட், பிரிண்டர் எல்லாம் படுத்துவிடும். 'ஆர்.டி. சர்வீஸ்' என்ற பெயர் இருந்தால் அதுதான் கைரேகைக் கருவியினுடையது, கை வைக்காதீர்கள். அது ஓடாவிட்டால் விரலை எத்தனை முறை வைத்தாலும் இணையதளம் கருவியைக் கண்டுகொள்ளாது. ஆன்டிவைரஸுக்கும் அதே விதி. பக்கத்து 'பூட்' பகுதிக்குப் போகவே வேண்டாம்: 'சேஃப் பூட்' டிக் விழுந்தால், அதை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடில்தான் திறக்கும்.

எது தொல்லை தருகிறது என்று தெரியாவிட்டால் பாதி பாதியாகப் பிரியுங்கள். 12 சர்வீஸ்கள் மீது சந்தேகம் என்றால் 6-ஐ நிறுத்தி ரீஸ்டார்ட். சரியானால் குற்றவாளி அந்த 6-க்குள். இல்லையென்றால் மற்ற 6-ல். அடுத்து 3, பிறகு ஒவ்வொன்றாக. 'ஷட் டவுன்' செய்து திறப்பது இதற்கு உதவாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் டிரைவர்களின் பழைய நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் திறந்து வெகுநேரம் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டினால், பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள்.