கடை வெளிச்சத்தில் தொலைக்காட்சி வாங்காதீர்கள்

கோலாலம்பூர், செந்தூல் வீட்டில் அப்பா வாங்கி வைத்த 50 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சி பதினான்கு ஆண்டுகள் ஓடியது. அதை மாற்ற வேண்டிய நாள் வந்தபோது, ஒரு கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தவற்றில் கண்ணைப் பறித்த ஒன்றை வாங்கி வந்தோம். அன்று இரவு கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அப்பா ஒரு பழைய படத்தைப் போட்டார். கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. திரையின் கீழ் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. "பழையதில் இருட்டு இருட்டாகத் தெரிந்ததே" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் செய்த தவறு இதுதான்: வெளிச்சத்தைப் பார்த்து வாங்கினோம், இருட்டைப் பார்க்கவில்லை.

பிளாஸ்மாத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் நியான், செனான் வாயுக்கள் அடைத்த நுண்ணிய அறை. மின்சாரம் பாய்ந்தால் வாயு புற ஊதாக் கதிரை வெளிவிடும்; அது அறைச் சுவரில் பூசிய பாஸ்பரை ஒளிரச் செய்யும். ஒளிர வேண்டாத புள்ளி ஏறக்குறைய அணைந்தே கிடக்கும். எல்.சி.டி. திரைக்கு இந்தக் குணம் இல்லை. பின்னால் எப்போதும் விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கிறது, முழுதாக மறைக்க முடிவதில்லை. பேரங்காடியின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அங்கே பளிச்சென்று இருப்பதுதான் வெல்லும். அதனால்தான் நல்ல பிளாஸ்மாக்கள் கடையில் மங்கலாகத் தோன்றி, வீட்டுக்கு வந்தபின் மதிப்புப் பெற்றன.

இரண்டாம் முறை நான் வேறு விதமாகப் போனேன். தைப்பூசத்தையொட்டி ஓர் இரவு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பென் டிரைவில் ஏற்றி எடுத்துச் சென்றேன். சோதனைக்கு அதைவிடக் கடினமான காட்சி கிடைக்காது: கருத்த வானம், நடுவில் மின்னும் ரதம், சுற்றிலும் வியர்த்த மாநிற முகங்கள், ஆடும் தீபங்கள். ஒரு திரையில் ரதத்தைச் சுற்றிப் பால் தெளித்ததுபோல் ஒளிவட்டம். இன்னொன்றில் முகங்கள் எல்லாம் செங்கல் நிறம். மூன்றாவதில் வானம் வானமாக இருந்தது, தீபத்தின் மஞ்சளும் அதற்குள் இருந்த வெண்மையும் தனித்தனியே தெரிந்தன. கடைக்காரர்கள் ஓட்டும் பூ, கிளி, கண்ணாடிக் கோபுரப் படங்களில் இந்த வேறுபாடு ஒருநாளும் தெரியாது. அவை எந்தத் திரையிலும் அழகாகத் தெரிவதற்கென்றே எடுக்கப்பட்டவை.

இன்னொன்று: கடையில் உள்ளவை பெரும்பாலும் கடைக்கான பயன்முறையில், உச்ச வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஒப்பிடும் எல்லாவற்றையும் சினிமா பயன்முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். லோ யாட் பிளாசாவுக்கு அக்கம் பக்கத்தில் கடைகளுக்கா பஞ்சம்?

பெயர்களில் ஏமாறுவது அடுத்த தவறு. எல்.இ.டி. தொலைக்காட்சி என்பது எல்.சி.டி.தான், பின்விளக்கு மட்டும் எல்.இ.டி. கியூ.எல்.இ.டி.யும் மினி எல்.இ.டி.யும் அதே குடும்பம். மினி எல்.இ.டி.யில் பின்விளக்கு சிறுசிறு பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே மங்குவதால் கருப்பு நன்றாக வரும். ஓ.எல்.இ.டி. வேறு சாதி: பிளாஸ்மாவைப்போல ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். ஆங்கில எழுத்தில் கியூவுக்கும் ஓவுக்கும் ஒரு சிறு வால்தான் வேறுபாடு. அந்த வாலைக் கவனிக்காமல் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பிளாஸ்மாவின் கருப்புக்குப் பழகிய கண்ணுக்கு உண்மையான வாரிசு ஓ.எல்.இ.டி.தான் என்பது என் முடிவு. பகலில் ஜன்னல் வெயில் நேரே விழும் கூடமாக இருந்தால் மட்டும் நல்ல மினி எல்.இ.டி.யைச் சொல்வேன்.

எண்களையும் அப்படியே நம்பாதீர்கள். அப்பாவின் பிளாஸ்மாப் பெட்டியில் 600 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது நொடிக்கு 600 படங்கள் அல்ல. 60 படங்கள், ஒவ்வொன்றும் பத்து முறையாகப் பிரிந்து ஒளிர்ந்ததைப் பெருக்கிப் போட்ட கணக்கு. இன்றைய பெட்டிகளிலும் இதே வேலை வேறு பெயர்களில் நடக்கிறது. திரையின் சொந்த வேகம் 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா என்று மட்டும் கேளுங்கள். வெள்ளை கருப்பைவிட எத்தனை மடங்கு பளிச்சென்று காட்டுவதாக, பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போடும் மாறுநிலை ஒளி விகிதத்தை நான் படிப்பதே இல்லை.

நம் குடும்பங்கள் தொலைக்காட்சி பார்க்கும் விதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அப்பா நடு நாற்காலியில், பிள்ளைகள் தரையில், அம்மா சமையலறை வாசலில் நின்றபடி. பிளாஸ்மா எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் தெரிந்தது. இன்றைய எல்.சி.டி.களில் வி.ஏ. வகைத் திரைக்குக் கருப்பு நன்றாக வரும், பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகைக்குப் பக்கவாட்டுப் பார்வை நன்று, கருப்பு சுமார்தான். கடையில் திரைக்கு நேரே நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். இடப்பக்கம் நாலு அடி நகருங்கள், குந்தி உட்கார்ந்தும் பாருங்கள். சாமிப் படத்துக்குச் சமமான உயரத்தில் திரையை மாட்டுவதும் இதே கோளாறைத்தான் கொண்டுவரும், கழுத்து வலி கூடுதல்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பிளாஸ்மாவை வாங்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பானசோனிக் 2013 டிசம்பரிலும், சாம்சுங்கும் எல்ஜியும் 2014-லும் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஆகவே கையில் வரும் எதற்கும் வயது பத்துக்கு மேல். உதிரிப் பாகம் இன்னொரு பழைய பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். வாங்கும்முன் திரை முழுக்க வெள்ளைப் படம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அப்பாவினுடையதில் அப்படிப் போட்டபோது, மேல் மூலையில் அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்த அலைவரிசையின் சின்னம் பழைய பூச்சுக்கு அடியில் தெரியும் எழுத்துபோல் நிழலாகத் தெரிந்தது. அந்த இடத்துப் பாஸ்பர் தேய்ந்துவிட்டது, துடைத்தால் போகாது. ஓ.எல்.இ.டி.க்கும் இந்த நோய் உண்டு. நாள் முழுக்கச் செய்தி அலைவரிசையைத் திறந்தே வைக்கும் வீடுகள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மின்சாரக் கணக்கும் இருக்கிறது. 300 வாட் இழுக்கும் பிளாஸ்மா நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 45 யூனிட். 100 வாட் திரைக்கு அதே நேரத்தில் 15 யூனிட். புதிய பெட்டிகளில் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் மிகச் சிக்கனமானது. பழையதில் அலைவாங்கியும் உதவாது. 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. டி.வி.பி.-டி2 என்னும் மின்னிலக்க ஒளிபரப்பை வாங்கும் வசதி இல்லாத எந்தப் பெட்டிக்கும் தனி டிகோடர் தேவை.

விலையை ஒப்பிடும்போது முன்பக்க அட்டையில் உள்ள எண்ணோடு நிற்காதீர்கள். சுவர்த் தாங்கி, வீடு கொண்டுவரும் கட்டணம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது திரைக்கும் சேர்த்தா என்பவற்றைக் கூட்டிப் பாருங்கள். மெல்லிய திரைகளின் ஒலி பெரும்பாலும் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. ஒலிப்பட்டைக்கும் பணம் ஒதுக்குங்கள். மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். சாம்சுங் எண்களில் கியூ.ஏ. என்று தொடங்குவது நம் வட்டாரத்துக்கு, கியூ.இ. ஐரோப்பாவுக்கு. ஐரோப்பிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே வாங்கும்முன் இரண்டின் விவரங்களையும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.

பெட்டி வீடு வந்த அன்றே, கொண்டுவந்தவர்கள் போகும்முன், அதே வெள்ளைப் படத்தையும் பிறகு ஒரு முழுக் கருப்புப் படத்தையும் போட்டுப் பாருங்கள். செத்த புள்ளி, கீறல், ஓரக் கசிவு எல்லாம் அப்போதே தெரியும். அட்டைப் பெட்டியையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதியலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.