ஹெட்டர் மாட்டும்போது போல்டில் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் குன்னூரில் ஒரு தம்பி தன் மாருதி ஜிப்சிக்கு ஹெட்டர், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த்தொகுப்பு, வாங்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு கவரில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டும் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) நட்டும். "நம்ம ஊர் மூடுபனிக்கு இதுதாண்ணா, துருவே பிடிக்காது" என்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லி இதையேதான் வாங்கினேன். அதனால்தான் எழுதுகிறேன். இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் புதுசாகப் போடணும், எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டின் முகத்தைச் சுரண்டித் துடைக்கணும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டுக்கு ஸ்டெயின்லெஸ் நட்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மாட்டி ஒரு மழைக்காலம் போனதும் காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், வண்டி சூடானதும் அடங்கிவிடும். கேஸ்கெட் வழியாகப் புகை கசிகிறது, நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று ஸ்பானர் போட்டேன். நட் அசையவில்லை. கழற்றிப் பார்க்கலாம் என்று எதிர்ப்பக்கம் திருப்பினேன். மெதுவாகச் சுற்றுவதுபோல் இருந்தது, ஆனால் சுற்றியது ஸ்டட். ஹெட்டோடு ஒட்ட முறிந்து வந்துவிட்டது.

காரணம் இதுதான். ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். நட்டை இறுக்கும்போது மரையோடு மரை உரசி அது கிழிகிறது, உள்ளே வெற்று உலோகம் வெற்று உலோகத்தோடு வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது. அலுமினிய ஹெட்டுக்குள் இருக்கும் முனையோ வேறு கதை: ஈரம் இறங்கினால் ஸ்டெயின்லெஸ் பக்கத்திலிருக்கும் அலுமினியத்தை அரிக்க விடும். முறிந்த ஸ்டட்டைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி பூத்துப் போயிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். துரு வரக்கூடாது என்று போட்டது ஹெட்டைத் தின்றிருக்கிறது.

அதைத் துளைத்து எடுக்கப் போனேன். ஸ்டட் கெட்டி, ஹெட் மெத்து. டிரில் வழுக்கி அலுமினியத்துக்குள் போய்விட்டது. அப்புறம் ஹெட்டையே இறக்கிக் கோயம்புத்தூர் லேத்துக்குக் கொண்டுபோய் இன்சர்ட் (கெட்ட ஓட்டைக்குள் வைக்கும் புது மரை) போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு வாரம் வண்டி ஷெட்டில்.

இன்னொன்றும் உண்டு. பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போது ஹெட்டர் கொதிக்கும், இறக்கத்தில் கியரிலேயே விட்டு இறங்கும்போது மழைக்காற்றில் ஆறும். இப்படி நாள் முழுக்க. ஸ்டெயின்லெஸ் சூட்டில் சாதாரண எஃகைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம் நீளும். ஹெட்டில் பொருந்தும் ஹெட்டரின் தட்டை விளிம்பு, அதாவது ஃபிளாஞ்ச், சாதாரண எஃகு, ஸ்டட் மட்டும் கூடுதலாக நீண்டால் பிடி தளராமல் என்ன செய்யும்? பலமும் குறைவுதான். கடையில் கிடைக்கும் ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் ரகம் சுமார் 450 மெகாபாஸ்கல் இழுப்பில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும், 8.8 என்று தலையில் குத்தியிருக்கும் சாதாரண போல்ட் 640 வரை தாங்கும்.

8.8 ஸ்டட், செம்பு பூசிய, தானாகத் தளராத முழு உலோக லாக் நட், மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கொஞ்சம் ஆன்டி-சீஸ் பேஸ்ட். போதும். பேஸ்ட் தடவினால் மரை வழுக்கும், அதனால் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வெளியே துரு பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும்.

நைலாக் நட்

உள்ளே நைலான் வளையம் வைத்த நட் இது. ஹெட்டர் சூட்டில் அந்த நைலான் உருகிவிடும். வேண்டாம்.

5/16 போல்டை எம்8 ஓட்டையில் போடுவது

5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதன் வழக்கமான மரை இடைவெளி 1.41 மில்லி, எம்8 என்ற 8 மில்லி போல்டுக்கு 1.25. கையால் ஓரிரு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பானரை எடுத்தால் அலுமினிய மரை போச்சு. டப்பாவில் கிடக்கும் பழைய போல்டைப் பொறுக்கிப் போடுகிறவர்கள் முதலில் அதில் ஒரு எம்8 நட்டைக் கையாலேயே முழுசும் ஓட்டிப் பாருங்கள்.

பழைய போல்ட் நீளத்தையே நம்புவது

ஹெட்டரின் ஃபிளாஞ்ச் வண்டியோடு வந்த கம்பெனி புகைக்குழாயான மேனிபோல்டின் தடிமனில் இருக்காது. மெல்லியதாக இருந்தால் போல்ட் ஓட்டையின் அடியில் முட்டி நின்றுவிடும், ரெஞ்ச் இறுகிவிட்டது என்று சொல்லும், ஹெட்டரோ ஆடும். தடியாக இருந்தால் நாலு மரையில் தொங்கும். எம்8 அலுமினியத்துக்குள் 12 முதல் 16 மில்லி இறங்க வேண்டும். ஓட்டை ஆழத்தை ஒரு கம்பி விட்டு அளந்துவிட்டு வாங்குங்கள்.

பெரிய தலை

பைப் வளைவில் ஸ்பானர் நுழையாது. 12 மில்லி தலை கேளுங்கள்.

மாட்டியதும் மறப்பது

நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்கள். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிவிட்டு வந்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒவ்வொரு நட்டாக ரெஞ்ச் வையுங்கள். அந்தத் தம்பியின் வண்டியில் அப்படி வைத்தபோது எட்டு நட்டில் மூன்று நட் இன்னும் கால் சுற்று இறுகியது.