பழைய கப்பலை ட்ரோனில் ஆவணப்படுத்துவது எப்படி

கப்பலைச் சுற்றி ட்ரோனைப் பறக்கவிட்டு அழகாக ஒரு வீடியோ எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். வீடியோ பார்க்க நன்றாக இருக்கும், துல்லியமாக அளக்க உதவாது. தேவை போட்டோகிராமெட்ரி: ஒரே இடம் பல கோணங்களில் விழுந்த நூற்றுக்கணக்கான படங்களை வைத்து மென்பொருள் கட்டித்தரும் முப்பரிமாண மாதிரி.

அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். சிதைந்த கப்பல்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம்.

அப்புறம் நேரம். அமெரிக்காவில் மாலோஸ் பே என்ற விரிகுடாவில், முதல் உலகப் போருக்காகக் கட்டிய மரக் கப்பல்கள் நூற்றுக்கும் மேல் கிடக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் தண்ணீர் வற்றும்போதுதான் கப்பலின் விலா எலும்பு போன்ற கட்டைகள் வெளியே தெரியும். வானம் மூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கடும் வெயிலில் நீர்ப்பரப்பு பளபளத்து மென்பொருளைக் குழப்பும், ஒரு பக்கம் முழுக்க நிழலில் போய்விடும்.

பலரும் விட்டுவிடுவது அளவுக் குறிகளைத்தான். எண் போட்ட பலகைகளைக் கப்பலைச் சுற்றி, ஒரே கோட்டில் இல்லாமல் வெவ்வேறு உயரங்களில் வைத்து, அவற்றின் இடத்தைத் துல்லியமாக அளந்துகொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் முப்பரிமாண மாதிரி வெறும் பொம்மைதான். அடுத்த வருடம் கப்பலின் ஒரு பலகை இரண்டு சென்டிமீட்டர் சரிந்ததா என்று கேட்டால் பதில் இருக்காது. குறிகளைக் கப்பலில் ஆணி அடித்தோ பசை போட்டோ ஒட்டாதீர்கள், காப்பாற்ற வந்த நாமே காயப்படுத்தக் கூடாது.

கேமராவில் எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எல்லாம் மேனுவலில், ஜூம் கிடையாது, படங்கள் ரா வடிவில், அதாவது கேமரா பதிந்தபடியே, மெருகேற்றாமல். பறக்கும்போது அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதமாவது ஒன்றோடொன்று படிய வேண்டும். மேலிருந்து நேராக ஒரு சுற்று, 45 டிகிரி சாய்வில் ஒரு சுற்று, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு சுற்று. இரும்புக் கப்பல் என்றால் அதன் தளத்திலிருந்து ட்ரோனைக் கிளப்பாதீர்கள், ட்ரோனின் திசைகாட்டி தடுமாறும்.

பாய்மரக் கயிறுகள் மாதிரியில் சரியாக வராது, மெல்லிய கோடுகளை மென்பொருள் தின்றுவிடும். எத்தனை படம் எடுத்தாலும் அப்படித்தான், அதனால் அவற்றைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்துக் குறிப்போடு வையுங்கள். வளைந்து கவிந்த பின்பகுதியின் அடியைக் கீழே நின்று சாதாரண கேமராவில் எடுங்கள்.

கடைசியில், மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இதைவிட நல்ல மாதிரியைத் தரக்கூடும். குறிகளின் அளவுக் குறிப்பையும் அதே கோப்புறையில் போட்டு, இன்னொரு நகல் வேறு இடத்தில் வையுங்கள்.