டர்போ பெட்ரோல் காரில் மைலேஜ் எடுப்பது எப்படி? பவரைக் குறைக்காமல் ஒரு செய்முறை

1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி, ஸ்கோடா ஸ்லாவியா 1.5 போன்ற கார்களின் கணக்கு இது. ஒரே காரை இரண்டு பேர் ஒரே சாலையில் ஓட்டினாலும் லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர் வித்தியாசம் வருவது இந்த வகை வண்டிகளில் சாதாரணம். டர்போ இல்லாத சிறிய குடும்பக் காரில் அவ்வளவு வித்தியாசம் வராது.

காரணம் டர்போதான். மெதுவாக ஓட்டும்போது இது ஒரு சாதாரண 1.5 லிட்டர் இன்ஜின். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்கிறது, காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் கூடுகிறது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். முழு பவரில், அதுவும் அதிக ஆர்.பி.எம்மில் ஓடும்போது, பல இன்ஜின்களில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இந்த விகிதத்தை 12 வரைகூட இறக்கிவிடும். டர்போவும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூட்டில் கருகாமல் இருக்க, தேவைக்கு மேல் பெட்ரோலைப் பாய்ச்சிக் குளிர்விக்கிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. ஆகவே டர்போவை எப்போது கூப்பிடுகிறீர்கள், எவ்வளவு நேரம் வேலை வாங்குகிறீர்கள் என்பதில்தான் மைலேஜின் பெரும்பகுதி இருக்கிறது.

படி 1: முதலில் சரியாக அளங்கள்

மீட்டர் திரையில் வரும் சராசரி மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்க்-டு-டேங்க் முறைதான் சரி:

1. பங்க்கில் டேங்கை நிரப்பி, நாசில் முதல்முறை தானாக நிற்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். 'ரவுண்டாக்கி விடுங்க' வேண்டாம்.
2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள்.
3. குறைந்தது 300 கி.மீ. ஓட்டுங்கள். 50 கி.மீ. ஓடிவிட்டுப் போடும் கணக்கு எதற்கும் உதவாது. நாசில் நிற்கும் இடம் அரை லிட்டர் மாறினாலே விடை தலைகீழாகிவிடும்.
4. அதே பங்க், முடிந்தால் அதே பம்ப். மீண்டும் முதல் கட்-ஆஃப் வரை நிரப்புங்கள்.
5. ஓடிய கிலோமீட்டரை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். 430 கி.மீ. ஓடி 32.5 லிட்டர் பிடித்தால் 13.2.

நகர ஓட்டத்தையும் நெடுஞ்சாலை ஓட்டத்தையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். கலந்துவிட்டால் எந்த மாற்றத்தால் என்ன நடந்தது என்றே தெரியாது.

பெரிய அலாய் வீல் மாட்டியவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மி.மீ. அதை எடுத்துவிட்டு 215/50 ஆர்17 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.4 சதவீதம் அதிகம் ஓடும், ஆனால் ஓடோமீட்டர் பழைய கணக்கிலேயே எண்ணும். மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தப் பொய்க்கணக்கு. 225/45 ஆர்17 என்றால் விட்டம் 634 மி.மீ., வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அகலமும் எடையும் கூடுவதால் நகரத்தில் கொஞ்சம் மைலேஜ் உண்மையாகவே போகும்.

படி 2: டயர் காற்று

ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவுதான் உங்கள் அளவு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு அல்ல. காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி கூடினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். மதிய வெயிலில், 20 கி.மீ. ஓட்டிவிட்டு பங்க்கில் 33 வைத்தால், மறுநாள் காலை அது 29 ஆகத்தான் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது மேல்.

நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். சின்னதுதான். ஆனால் 6, 7 பி.எஸ்.ஐ. குறைவோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் நிறைய. அவற்றில் டயரின் இரு ஓரங்களும் தேய்ந்து, அலைன்மென்ட் செலவோடு டயர் செலவும் சேர்ந்துகொள்ளும். மைலேஜுக்காக ஸ்டிக்கர் அளவுக்கு மேல் 5, 6 ஏற்றுவதும் வேண்டாம். மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

படி 3: வண்டியில் கோளாறு இருக்கிறதா?

புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (இசியுவில் உள்ள எண்களைப் படிக்கும் சிறு கருவி) ஒன்றும், போனில் அதற்கான ஆப் ஒன்றும் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, பின்வரும் எண்களைப் பாருங்கள்.

கூலன்ட் வெப்பம்: 10 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு 85 டிகிரிக்கு மேல் நிலைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 70, 75 என்று இறங்கிக்கொண்டே போனால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என நினைத்து இசியு பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். மீட்டரில் உள்ள வெப்ப முள் இதைக் காட்டாமல் நடுவிலேயே நிற்கக்கூடும்.

ஃபியூயல் ட்ரிம்: கலவையைச் சரிசெய்ய இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் என இரண்டு. இரண்டையும் கூட்டினால் பிளஸ் அல்லது மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். ஐடிலிங்கில் மட்டும் பிளஸ் 10-ஐத் தாண்டி, ஆர்.பி.எம். ஏற்றினால் இறங்குகிறதா? இன்டேக் பக்கம், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில், எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஐடிலிங்கிலும் ஓட்டத்திலும் பிளஸ்ஸாகவே இருந்தால் அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், பெட்ரோல் அழுத்தக் குறைவு ஆகியவற்றைப் பாருங்கள்.

பூஸ்ட் கசிவு: பூஸ்ட் என்பது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களில் விரிசலோ, தளர்ந்த கிளாம்ப்போ இருந்தால், அழுத்தி ஓட்டும்போது 'உஸ்' என்று சத்தம் வரும், இழுவை தாமதமாகும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், அளந்த காற்று வெளியே போய்விடுவதால் பெட்ரோல் மிகையாகும். பிரஷர் சென்சாரை மட்டும் நம்பும் வண்டியில் கலவை கெடாது, ஆனால் டர்போ கூடுதலாக உழைக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்ப்பது) செய்தால் இடம் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் பிளக்கை மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். டர்போ இன்ஜினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம் என்பதால் பிளக் முனைகளுக்கு இடையிலுள்ள கேப் பெரிதானால் பொறி தவறும். மிஸ்ஃபயரான ஒவ்வொரு முறையும் பெட்ரோல் எரியாமலே வெளியேறும்.

இன்ஜின் ஆயிலில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: 'வேகமாக ஓடும் வண்டி, கெட்டியான ஆயில் போட்டால்தான் தாங்கும்.' 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 15டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் 1, 2 சதவீதம் போகும், டர்போ பேரிங்குக்குக் காலையில் ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். மேனுவலில் உள்ள கிரேடும், கம்பெனி ஒப்புதல் எண்ணும் ஆயில் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் சரிந்துவிடும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜினில் குறைவது பெரும்பாலும் இழுவைதான், இசியு கலவையைச் சரிசெய்துகொள்கிறது. இருந்தாலும் மாற்றுங்கள். இழுவை குறைந்தால் நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள்.

படி 4: கால் பழக்கம்

மேலே சொன்ன ஆப்பில் 'மேனிஃபோல்ட் பிரஷர்' (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) எண்ணைத் திரையில் பெரிதாக வையுங்கள். சென்னை மாதிரி கடல்மட்ட ஊரில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே இருக்கும்வரை டர்போ பெரிதாக எதுவும் திணிக்கவில்லை என்று அர்த்தம். 140, 150-ஐத் தாண்டினால் விருந்து நடக்கிறது. (ஊட்டியில் வெளிக்காற்றே 77 அளவில்தான் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்த்தால் அந்த ஊரின் எண் கிடைக்கும்.) சமதளத்தில் சீராக ஓடும்போது 50 முதல் 80-க்குள் வைப்பதே பயிற்சி. ஒரு வாரம் இதைப் பார்த்து ஓட்டினால் பிறகு திரை தேவைப்படாது, காலுக்கே தெரிந்துவிடும். ஆப்பைப் பார்க்கும் வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் விடுவது நல்லது.

வேகம் பிடிப்பதற்கு ஆமை மாதிரி ஊர்ந்து போக வேண்டியதில்லை. இந்த இன்ஜினில் 250 நியூட்டன் மீட்டரும் 1,600 ஆர்.பி.எம்மிலேயே வந்துவிடுகிறது. மிதமாக அழுத்தி, மேனுவலில் 2,000 முதல் 2,300-க்குள் கியர் மாற்றி, வேண்டிய வேகம் வந்ததும் மேல் கியருக்குப் போய் காலைத் தளர்த்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் டி போதும். எஸ் மோடில் கியர்பாக்ஸ் ஆர்.பி.எம்மை ஏற்றியே வைத்திருக்கும். ஓவர்டேக்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு உடனே திரும்புங்கள். ஜாமில் பிரேக்கைப் பாதி விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தாமல், முன்னால் ஒரு கார் அளவு இடம் விட்டு ஒரேயடியாக நகருங்கள். டிரை கிளட்ச் டிஎஸ்ஜி (இந்தக் கார்களின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) சூடாவது இதனால்தான் குறையும்.

மைலேஜ் ஆசையில் செய்யும் பெரிய தப்பு ஒன்று உண்டு. கடைசி கியரில் 1,200 ஆர்.பி.எம்மில் உருட்டிக்கொண்டே போய், மேடு வந்ததும் அதே கியரில் முழுதாக அழுத்துவது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜினில், குறைந்த ஆர்.பி.எம்மில் அதிகச் சுமை வந்தால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிஸ்டன் உடையும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். மேட்டுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். இரண்டு சொட்டு பெட்ரோலுக்காக இன்ஜினைப் பணயம் வைக்க வேண்டாம்.

சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால், கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஆர்.பி.எம். ஐடிலிங்குக்கு அருகில் இறங்கும்வரை இசியு பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்கு பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்குபவருக்கு மிச்சமாவது எதுவுமில்லை, பிரேக்தான் கருகும்.

இந்த 1.5 இன்ஜினில் இன்னொரு வசதி: சுமை குறைவாக இருக்கும்போது நடுவில் உள்ள 2 சிலிண்டர்களை இசியு நிறுத்திவிடும். வேகம் நிலைத்ததும் காலை ஒரு நூல் தளர்த்திப் பிடித்தால் அந்த நிலைக்குப் போகும். காலை ஆட்டிக்கொண்டே இருந்தால் 2-க்கும் 4-க்கும் மாறிமாறித் தாவும், பயன் குறையும்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிற்க வைப்பதும் வீண். அரை நிமிடம் போதும், பிறகு முதல் 2, 3 கி.மீ. மெதுவாக ஓட்டுங்கள். 2 கி.மீ. தூரத்துக்குள் நான்கு வேலை இருந்தால் ஒரே சுற்றில் முடியுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் குடிக்கும்.

படி 5: நெடுஞ்சாலை வேகம்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 80-லிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு 2.25 மடங்கு, 100-லிருந்து 120 என்றால் 1.44 மடங்கு. 330 கி.மீ. பயணத்தை 120-ல் ஓட்டினால் 2 மணி 45 நிமிடம், 100-ல் 3 மணி 18 நிமிடம். இந்த 33 நிமிடமும் ஏட்டுக்கணக்குதான். டோல்கேட்டும் லாரிகளும் அதில் பாதியைத் தின்றுவிடும். 90 முதல் 100-க்குள் நிலையாகப் போனால் நெடுஞ்சாலை மைலேஜ் நன்றாகக் கூடும். சமதளத்தில் க்ரூஸ் கன்ட்ரோல் நல்லது. ஏற்ற இறக்கச் சாலையில் அதை அணைத்துவிடுங்கள், வேகத்தைக் காப்பாற்றவே மேட்டில் பூஸ்ட்டை அள்ளிவிடும். காலியான ரூஃப் கேரியரைக் கழற்றுங்கள். 80-க்கு மேல் கண்ணாடியை இறக்குவதைவிட ஏசி பரவாயில்லை.

படி 6: எந்த பெட்ரோல்?

மூடியில் உள்ள ஆக்டேன் எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். எண் குறைந்தால் நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதை) தவிர்க்க இசியு பொறியைத் தாமதமாக்கும், பவரும் மைலேஜும் சேர்ந்து இறங்கும். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-ல் சுத்தமான பெட்ரோலைவிட சக்தி 6, 7 சதவீதம் குறைவு. பழைய மைலேஜோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த பெட்ரோல் கட்டுப்படியாகுமா என்பதற்கு மைலேஜை அல்ல, கிலோமீட்டர் செலவைப் பாருங்கள். லிட்டர் 101 ரூபாய்க்கு 13 கி.மீ. கிடைத்தால் கி.மீ. செலவு 7.77. லிட்டர் 109 ரூபாய்க்கு 14 கிடைத்தால் 7.79. ஒரு கிலோமீட்டர் முழுதாகக் கூடியும் லாபம் பூஜ்ஜியம். ஒரு டேங்கை வைத்து முடிவு செய்யாமல், தொடர்ந்து மூன்று டேங்க் போட்டுப் பாருங்கள்.

படி 7: காசைக் கரைக்காதீர்கள்

பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம், சிகரெட் லைட்டரில் செருகும் 'ஃபியூயல் சேவர்', ஓபிடியில் செருகி விளக்கு மட்டும் மின்னும் பெட்டி: எதுவும் வேலை செய்யாது. திறந்த கோன் ஃபில்டர் இன்ஜின் பேயின் சூடான காற்றை உறிஞ்சும், சத்தம் மட்டுமே லாபம். ஸ்டேஜ் 1 ரீமேப்பில், அதாவது இசியுவின் மென்பொருளை மட்டும் மாற்றுவதில், பவர் கூடும் என்பது உண்மை. ஆனால் 'மைலேஜும் கூடும்' என்று விற்பதை நம்பி வாங்காதீர்கள். சீரான ஓட்டத்தில் கம்பெனி கொடுத்த மென்பொருளே சரியான கலவையில்தான் ஓடுகிறது, அங்கே மிச்சப்படுத்த அதிகம் இல்லை. வாரன்டியும் போகும்.

இவ்வளவும் செய்து மைலேஜ் ஏறவில்லை என்றால், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் பிரேக் அடிக்காமல் 15 கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கு வீலின் நடுப்பகுதியையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள். கையால் தொட வேண்டாம். முன் இரண்டுக்கும் இடையே, அல்லது பின் இரண்டுக்கும் இடையே 20, 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தின் காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) அது நகர்வதற்கான கம்பி, அதாவது ஸ்லைடு பின், இறுகியிருக்கலாம். சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிஸ்டனே இறுகியிருந்தால் சீல் கிட் மாற்ற வேண்டும்.