கைக்குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்கவில்லையா? உரம் எடுக்க வேண்டாம்

டயபர் மாற்றக் காலைத் தூக்கினால் வீரிட்டு அழுகிறது, அசைக்காமல் விட்டால் அடங்குகிறது என்றால் நம்ம பக்கம் முதலில் வரும் பேச்சு, "உரம் விழுந்திருக்கும் சாமி, சேலையில போட்டு உருட்டுனா சரியாயிரும்". உரம் என்றால் குழந்தைக்குச் சதை பிசகிவிட்டது என்பார்கள், அதை உருட்டி நீவிச் சரிசெய்வதுதான் உரம் எடுப்பது. அம்மாயி பாசத்தில்தான் சொல்வார்கள். ஆனால் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்தாலும் இதே அழுகைதான். உருட்டுவது, எண்ணெய் போட்டு நீவுவது, கட்டுப் போடுவது எதுவும் கூடாது.

துணியைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். ஒரு கால் உதைக்கிறது, இன்னொன்று மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்தே கிடக்கிறதா? தொடை வீங்கியிருக்கிறதா? சீழ் தோள் மூட்டில் என்றால் கை துவண்டு கிடக்கும், வாதம் மாதிரி தெரியும், வலிக்குப் பயந்து அசைக்காமல் இருப்பதுதான் அது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலே இல்லாமலும் வரும், அதனால் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள். குறைமாதக் குழந்தை, ஐசியுவில் இருந்த குழந்தை என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

கோபி பக்கம் என்றால் பெருந்துறை, தாராபுரம் பக்கம் என்றால் திருப்பூர், இல்லாவிட்டால் கோவை என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. குழந்தை துவண்டு போயிருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் எக்ஸ்ரே. எலும்பில் மாற்றம் தெரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், முதல் நாள் எக்ஸ்ரே நார்மல் என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) எடுத்தார்களா, "இடுப்புல நீர் கோத்திருக்கான்னு ஸ்கேன் பார்த்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நீர் இருந்தால் ஊசியால் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ், பச்சிளம் குழந்தைக்கு வேறு கிருமிகளும் உண்டு.

சுமார் ஒன்றரை வயதுவரை ரத்தக்குழாய்கள் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைக் கடந்து போகின்றன, அதனால் எலும்பில் உள்ள சீழ் சுலபமாக மூட்டுக்குள் இறங்கிவிடும். இடுப்பு மூட்டில் சீழ் தேங்கினால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தமே தடைபடும். அதனால்தான் ஆபரேஷன் செய்து சீழைக் கழுவி எடுக்கச் சொல்கிறார்கள். வெறும் மருந்து போதாது, ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், தேறியபின் சிலருக்கு சிரப், மொத்தம் மூன்றிலிருந்து ஆறு வாரம் போகலாம். சிரித்து விளையாட ஆரம்பித்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள். நடக்க ஆரம்பித்த பிறகும் சில வருஷங்கள் எலும்பு டாக்டரிடம் காட்டி, கால் நீளம் சமமாக இருக்கிறதா, இடுப்பு மூட்டு விலகவில்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.